1914இல் கொட்டியாரம்பற்றில் தேர்தல் நடந்திருக்க முடியுமா?

கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கேட்டவரின் தாய்வழிக் குடும்பம் திருகோணமலை மாவட்டத்துக் கொட்டியாரம்பற்றில் உள்ள கிளிவெட்டிப் பக்கத்தைச் சேர்ந்தது. அவருடைய பூட்டனார் 1914ஆம் ஆண்டளவில் "எலெக்சனில் வென்று சங்கத்துக்குப் போனவர்" என்று வீட்டில் மூன்று தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். இலங்கையில் சர்வசன வாக்குரிமை 1931இல்தான் வந்தது என்று பாடசாலையில் படித்த அவருக்கு இக்கதை இடிக்கிறது. கதை பொய்யா, ஆண்டு பிழையா என்பது அவர் வெளிப்படையாகக் கேட்டது. ஆங்கிலம் அறியாத ஒரு வயற்காரர், நாட்டின் பெரிய சபைக்கு வாக்களிக்க உரிமையில்லாத காலத்தில், தன் ஊரில் மட்டும் எப்படி வாக்குக் கேட்டு வென்றிருக்க முடியும் என்பதே அதற்குள் இருக்கும் உண்மையான கேள்வி என்று நான் விளங்கிக்கொள்கிறேன்.

முடிந்திருக்கும் என்பதே என் விடை. 1931 என்பது நாட்டின் சட்டமன்றமான அரசாங்க சபைத் தேர்தலுக்குரிய ஆண்டு. ஊர்ச் சபைகளுக்கான தெரிவு அதற்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் முன்னரே சட்டத்தில் இடம்பெற்றுவிட்டது. ஆனால் அக்காலத்துத் தெரிவு இன்றைய தேர்தலைப் போன்றதன்று. உங்கள் குடும்பக் கதையின் சில சிறு விவரங்களைக் கேட்டறிந்தால்தான் அது எந்தத் தெரிவைப் பற்றியது, எந்தக் காலத்தது என்று பிரித்தறிய முடியும். நான் உள்ளூராட்சித் துறையில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வரலாற்றைத் தொழிலாகக் கொண்டவன் அல்லன். கீழே சட்டத்தையும் அரச பதிவுகளையும் கொண்டு உறுதியாகச் சொல்பவற்றையும், திருகோணமலை மாவட்டத்துப் பழைய ஆட்களிடம் கேட்டுச் சொல்பவற்றையும் வேறுபடுத்தியே எழுதுகிறேன்.

முதலில் உறுதியானவை. 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம், தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில், வயற் செய்கை பற்றிய பழைய ஊர் வழக்கங்களை மீண்டும் நடைமுறைப்படுத்த இடமளித்தது. வாய்க்கால் வெட்டு, நீர்ப் பங்கீடு, வேலி அடைப்பு ஆகியவற்றில் எழும் பிணக்குகளை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய் ஆண்டுக்கணக்கில் இழுத்தடிப்பதைவிட, காணிக்காரரே கூடித் தீர்ப்பது நல்லது என்பது அதன் எண்ணம். அதன் தொடர்ச்சியாக வந்த 1871ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கக் கிராமச் சமுதாயங்கள் கட்டளைச் சட்டம் இரண்டு அமைப்புகளைத் தந்தது: ஊருக்குரிய விதிகளைச் செய்யும் கிராமச் சங்கம் ஒன்று, சிறு வழக்குகளை விசாரிக்கும் கிராமக் கோடு, அதாவது ஊர் நீதிமன்று, மற்றொன்று. 1889ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் இவற்றைத் திருத்தித் தொகுத்தது. உங்கள் பூட்டனாரின் 1914 இந்த 1889ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலத்துக்குள் வருகிறது. இச்சட்டம் நாடு முழுவதற்கும் ஒரே நாளில் தானாகப் பொருந்தியதன்று. தேசாதிபதி ஒரு பிரதேசத்தைப் பெயர் குறித்துப் பிரகடனம் செய்த பின்னரே அங்கு நடைமுறைக்கு வந்தது. ஆகவே "1914இல் இலங்கையில் கிராமச் சங்கம் இருந்ததா" என்பதற்கு ஆம் என்று தயங்காமல் சொல்லலாம். உங்கள் ஊர் எந்தப் பிரகடனத்தின் கீழ், எந்த ஆண்டிலிருந்து வந்தது என்பதை அரசாங்க வர்த்தமானியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அக்காலத்துத் திருகோணமலை மாவட்டத்தை மனத்தில் கொண்டுவர வேண்டும். கிழக்கு மாகாணத்தின் அரசாங்க அதிபர் மட்டக்களப்பில் இருந்தார். திருகோணமலையில் உதவி அரசாங்க அதிபர் ஒருவர் இருந்தார். பழைய ஆட்கள் அவரை ஏசண்டுத் துரை என்பார்கள். பட்டினமும் சூழலும், கட்டுக்குளம்பற்று, தம்பலகாமம்பற்று, கொட்டியாரம்பற்று என நிருவாகப் பிரிவுகள் நான்கு. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி மாவட்டம் முழுவதிலும் இருந்தவர்கள் முப்பதாயிரத்துக்கும் குறைவு. 1921இலும் முப்பத்து நான்காயிரம் அளவுதான். அதிலும் ஒரு பெரும்பங்கு பட்டினத்தில் இருந்தது. புல்மோட்டையிலிருந்து வெருகல் வரை நீண்டு கிடக்கும் கரையோரத்திலும் உள்நாட்டுக் குளத்தடிகளிலும் எஞ்சியவர்கள் சிதறி வாழ்ந்தார்கள். இந்த எண்ணிக்கை உங்கள் கேள்விக்கு மிகவும் வேண்டியது. ஓர் ஊரின் வயது வந்த ஆண்கள் எல்லோரும் ஒரு பள்ளிக்கூட விறாந்தையிலும் அதன் முற்றத்திலும் கொள்ளக்கூடிய அளவினராக இருந்த இடத்தில் வாக்காளர் இடாப்பும் வாக்குச் சீட்டும் தேவைப்படவில்லை.

அத்தெரிவு நடந்த விதத்தைச் சட்டம் வறட்சியாகச் சொல்கிறது: அரசாங்க அதிபர் அல்லது அவருடைய அதிகாரம் பெற்றவர் கூட்டம் கூட்ட வேண்டும், அப்பிரதேசத்தில் வசிக்கும் வயது வந்த ஆண்கள் கூட வேண்டும், வந்திருப்பவர்களில் பெரும்பான்மையினர் விரும்பியவர்கள் சங்கத்துக்குத் தெரிவாவார்கள். வாய்மொழி இதற்குச் சதை வைத்துக் காட்டுகிறது. மூதூர்ப் பக்கத்து முதியவர் ஒருவர் தன் தகப்பனாரிடம் கேட்டதாக எனக்குச் சொன்னதை இங்கே தருகிறேன். முதல் நாளே பறையறைந்து சொல்லிவிடுவார்களாம். துரை பட்டினத்திலிருந்து குடாவைத் தோணியில் கடந்து வந்து, பிறகு குதிரையில் வருவார். மரத்தடியில் மேசை போட்டு அவரும் கிளாக்கரும் இருக்க, பற்றுக்கு அரசு நியமித்த தலைமைக்காரரான வன்னிபம் பக்கத்தில் நிற்பார். ஒரு பெயர் சொல்லப்படும், சம்மதமுள்ளவர்கள் கை உயர்த்துவார்கள், கிளாக்கர் எண்ணுவார். எண்ணிக்கை ஒட்டிவந்தால் இரு கட்சிக்காரரையும் இரண்டு வரிசையாக நிற்கவைத்து மறுபடி எண்ணுவார்கள். தோணியும் குதிரையும் எல்லாக் கூட்டத்துக்கும் உண்மையோ தெரியாது, ஆனால் கை உயர்த்தலும் வரிசையில் நிற்றலும் பல ஊர்களில் பலர் வாயால் நான் கேட்டவை; அவற்றை நம்பத் தயங்கவில்லை.

இப்போது உங்கள் மனத்தில் இடித்த இடத்துக்கு வருகிறேன். 1911ஆம் ஆண்டின் இறுதியில் சட்ட நிரூபண சபைக்குப் "படித்த இலங்கையர்" பிரதிநிதியைத் தெரிவு செய்யும் தேர்தல் நடந்து, அதில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் டாக்டர் மார்க்கஸ் பெர்னாண்டோவை வென்றார். நாடு முழுவதிலும் அதில் வாக்குரிமை பெற்றிருந்தவர்கள் சுமார் மூவாயிரம் பேர்தான். ஆங்கிலக் கல்வித் தகுதி உள்ளவர்கள் மட்டுமே வாக்களிக்கலாம். அதன் பின் 1920களில் வந்த சீர்திருத்தங்களில் வாக்குரிமை அகலப்படுத்தப்பட்டபோதும், எழுத வாசிக்கத் தெரிய வேண்டும், அதோடு ஆண்டுக்கு 600 ரூபா வருமானமோ குறித்த பெறுமதியுள்ள சொத்தோ இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். 1924ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்குரிமை பெற்றிருந்தவர்கள் சனத்தொகையில் நூற்றுக்கு நான்கு பேர் அளவினரே. இதே ஆண்டுகளில் கிளிவெட்டியிலோ தோப்பூரிலோ கைநாட்டு வைக்கும் ஒரு வயற்காரர் தன் ஊர்ச் சங்கத்துக்கு ஆள் தெரிவு செய்ய எழுத்தறிவு கேட்கப்படவில்லை. மேலே போகப்போக வாசல் குறுகியது; அடியில் அது அகலமாகத் திறந்திருந்தது. 1931இல் டொனமூர் ஆணைக்குழுவின் பரிந்துரையால் 21 வயதான ஆண் பெண் எல்லோருக்கும் வாக்குரிமை வந்ததைப் பெரிதாகக் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அந்த ஆண்டுக்கு முன் நாட்டுப்புறத்தவருக்கு வாக்கென்றால் என்னவென்றே தெரியாது என்று மேடைகளில் பேசுவது சரியன்று.

வாசல் அகலமாக இருந்ததற்குக் காரணமும் சொல்ல வேண்டும்: உள்ளே பெரிதாக ஒன்றும் வைக்கப்படவில்லை. கட்டாக்காலி மாடு வயலில் இறங்கினால் என்ன தண்டம், எந்த மாதத்துக்குள் வேலி அடைத்து முடிக்க வேண்டும், ஊர்க் கிணற்றையும் ஒற்றையடிப் பாதையையும் யார் துப்புரவாக்க வேண்டும், சூதாட்டத்தை எப்படித் தடுப்பது, கரைவலைக்காரர் எந்த ஒழுங்கில் வலை இறக்குவது என்பன போன்ற விதிகளைச் சங்கம் செய்யலாம். அவ்விதிகளும் தேசாதிபதியின் நிர்வாக சபை ஒப்பிய பின்னரே செல்லும். பணம் சேர்க்கும் அதிகாரம் மிகக் குறைவு. பெரும்பாலான வேலை ஊரவரின் உடலுழைப்பால் நடந்தது. இதற்கு வெளியே, 1861ஆம் ஆண்டின் வீதிச் சட்டப்படி 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் தெரு வேலை செய்யவோ அதற்கு ஈடாகப் பணம் கட்டவோ வேண்டியிருந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இவற்றை எல்லாம் நடத்துவித்தவர்கள் அரசு நியமித்த தலைமைக்காரர்கள்: பற்றுக்கு வன்னிபம், அவருக்குக் கீழே உடையார், ஊருக்கு விதானையார். சங்கத்தின் தலைமையும் அந்தப் பக்கமே இருந்தது. தெரிவான உறுப்பினர் தலைவராக முடியாது. வயலுக்கு நீர் விடுவதிலிருந்து மாடு பிடிப்பது வரை எவர் கையைப் பார்த்து வாழ வேண்டுமோ, அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு குடியானவன் எவ்வளவு சுயேச்சையாகக் கை உயர்த்தியிருப்பான்? பதிவேடுகள் இதற்கு விடை தரா. ஆயினும் பெரிய வயற்சொந்தக்காரரான போடியாரின் வயலைச் செய்பவர் போடியாருக்கு எதிராகக் கை தூக்கினார் என்று எந்த முதியவரும் எனக்குச் சொன்னதில்லை.

பெண்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. எனினும் கிழக்கு மாகாணத்தில் இதை விட்டுவிட்டுப் பேசுவது முறையன்று. எங்கள் பகுதியில் வயலும் வளவும் பெரும்பாலும் சீதனமாகப் பெண்ணின் பெயரில் வருவன. பூட்டனார் "காணிக்காரர்" என்ற மதிப்பில் சங்கத்துக்குப் போயிருந்தால், அந்தக் காணியில் பாதியாவது பூட்டியின் உறுதியில் இருந்திருக்கக் கூடும். ஆனால் கூட்டத்துக்குப் போனதும் கை உயர்த்தியதும் ஆண்கள்தான். சட்டம் ஆண் என்றே எழுதியிருந்தது.

அடுத்து, குடும்பக் கதைகளில் "எலெக்சன்" என்று ஒரே சொல்லுக்குள் போட்டுவிடும் வேறு தெரிவுகளும் அக்காலத்தில் இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். அவற்றுள் உங்கள் பூட்டனாருக்கு மிகவும் பொருந்தக்கூடியது வட்டை விதானைத் தெரிவு. பெரும்போகம் தொடங்குமுன் காணிக்காரர் கூட்டம் கூடி, நீர்ப் பங்கீட்டையும் வேலியையும் கவனிக்க ஒருவரைப் பெரும்பான்மையால் தெரிவு செய்வார்கள். கச்சேரி, அதாவது அரசாங்க அதிபர் அலுவலகம், அதை உறுதிப்படுத்தும். 1870களில் திருத்தி முடிக்கப்பட்ட கந்தளாய்க் குளத்தின் நீரில் விளைந்த தம்பலகாமத்து வயல்களில் இந்தப் பதவிக்குப் பெரிய மதிப்பு. கொட்டியாரத்துக் குளத்து வயல்களிலும் அப்படியே. அங்கே வாக்குக்கு அடிப்படை ஊரில் வசிப்பதன்று, வயல் வைத்திருப்பது. ஆகவே, பூட்டனார் "சங்கத்துக்கு" போனார் என்ற சொல் பின்னால் ஒட்டிக்கொண்டதாகவும், உண்மையில் அவர் வென்றது வட்டை விதானைத் தெரிவாகவும் இருக்க இடமுண்டு. ஊர் விதானையார் பதவி வேறு. அது அரசாங்க நியமனம், நியமிக்குமுன் ஊரவரின் விருப்பத்தைக் கேட்டறிந்த சந்தர்ப்பங்கள் இருந்தாலும் முடிவு கச்சேரியுடையது. கிராமக் கோட்டின் தலைவரும் சம்பளம் பெறும் அரச உத்தியோகத்தரே. வழக்கறிஞர் தோன்ற முடியாத அந்தக் கோடுகள் 1945ஆம் ஆண்டின் சட்டத்தால் கிராம நீதிமன்றங்களாக மாறும் வரை அப்படியே நடந்தன. பட்டினத்தில் இருந்த உள்ளூர்ச் சபையும் மாவட்ட வீதிக் குழுவும் தெரிவான உறுப்பினர்களைக் கொண்டிருந்தன. ஆனால் அவற்றின் கதவு சொத்தும் இனப்பிரிவும் பார்த்துத் திறந்தது. வீதிக் குழுவில் ஐரோப்பியருக்கு ஒருவர், பறங்கியருக்கு ஒருவர், சுதேசிகளுக்கு ஒருவர் என்ற கணக்கு. கிளிவெட்டியிலிருந்து ஒருவர் அதற்குப் போயிருந்தால் ஊர் முழுதும் இன்னும் அதையே பேசிக்கொண்டிருக்கும்.

1914க்குப் பின் நடந்த மாற்றங்களைச் சொல்வது ஆண்டைச் சரிபார்க்க உதவும். 1920ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க உள்ளூராட்சிக் கட்டளைச் சட்டம் நகர மாவட்டச் சபை, கிராம மாவட்டச் சபை, பொதுச் சபை என்று மூன்று வகையைத் திட்டமிட்டது. நகரங்களில் அது பலன் தந்தது; நாட்டுப்புறத்தில் கிராம மாவட்டச் சபை என்ற திட்டம் வேரூன்றவில்லை, பழைய கிராமச் சங்கமே நிலைத்தது. அதற்குச் சட்டப்படியான ஆளுருவும், சொத்து வைத்திருக்கும் உரிமையும், வரி விதிக்கும் அதிகாரமும் 1924ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் கிடைத்தன. ஆனால் தலைமை நாற்காலி இன்னும் வன்னிபத்தின் கையில்தான். பெரிய உடைப்பு 1938இல், எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா உள்ளூர் நிருவாக அமைச்சராக இருந்தபோது நிகழ்ந்தது. அவ்வாண்டின் 60ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் ஊரை வட்டாரங்களாகப் பிரித்து, பெண்களுக்கும் வாக்குரிமை தந்து, தெரிவான உறுப்பினர்களே தலைவரைத் தெரிவு செய்யலாம் என்று ஆக்கியது. நாம் இன்று கிராமச் சங்கத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கத்தால் "வீ.சீ. ரோட்டு", "வீ.சீ. கிணறு", "வீ.சீ. சேர்மன்" என்று சொல்லும்போது மனத்தில் வரும் காட்சி பெரும்பாலும் இந்த 1938க்குப் பிந்திய சங்கத்தினுடையது. வன்னிபங்களும் அதிகார முதலிமாரும் 1940களின் நடுப்பகுதிக்குள் மறைந்து, அவர்கள் இடத்துக்குப் பிரிவுக் காரியாதிகாரிகள் வந்தார்கள்.

ஆகவே வீட்டில் மூத்தவர்களிடம் ஆண்டைக் கேட்காதீர்கள். ஆண்டுதான் முதலில் பிசகும். விவரத்தைக் கேளுங்கள். "சேர்மனாக இருந்தார்" என்றால் அது 1938க்குப் பின். பூட்டனார் அன்றி அவர் மகனாக, அதாவது உங்கள் பாட்டனாராக இருக்கக்கூடும். "பச்சைப் பெட்டி", "சிவப்புப் பெட்டி" என்று நிறப் பெட்டி பேச்சில் வந்தாலும் அவ்வாறே: வேட்பாளருக்கு ஒரு நிறம் என்ற முறையை மக்கள் 1931ஆம் ஆண்டின் அரசாங்க சபைத் தேர்தலிலிருந்துதான் பழகினார்கள். பூட்டியும் போய் வாக்குப் போட்டா என்றால், சந்தேகமின்றிப் பிந்தியது. துரை முன்னால் கை தூக்கினார்கள், அல்லது வன்னிபம் பெயர் கூப்பிட்டார் என்று வந்தால் 1914ஐ நம்பலாம். வாய்க்கால், அணைக்கட்டு, தண்ணீர் முறை என்றே கதை சுற்றிவந்தால் வட்டை விதானைப் பக்கம் யோசியுங்கள்.

ஒரு விடயத்தில் மட்டும் எச்சரிக்கையாக இருக்கிறேன். சாதியும் சமயமும் இத்தெரிவுகளில் எப்படி நின்றன என்று கேட்பவர்கள் பலர். தமிழரும் சோனகரும் அருகருகே வாழ்ந்த கொட்டியாரம்பற்றிலும், சிங்களக் குடிகளும் இருந்த கட்டுக்குளம்பற்றின் மேற்குப் பகுதியிலும், ஊருக்கு இத்தனை பேர் என்று முன்கூட்டியே பேசி முடித்துவிட்டுத்தான் கூட்டத்துக்குப் போனார்கள், போட்டி அருமை என்று சில முதியவர்கள் சொன்னார்கள். வேறு சிலர் அடிபிடியில் முடிந்த கூட்டங்களையும் சொன்னார்கள். இரண்டும் வாய்மொழி. இரண்டில் ஒன்றைப் பொது விதியாக்கி எழுத நான் துணிய மாட்டேன். சட்டத்தில் சாதித் தடை எழுதப்படவில்லை என்பது உண்மை. அதைக் கொண்டு ஒடுக்கப்பட்டவர்கள் அந்த மரத்தடிக்கு வந்து கை உயர்த்தினார்கள் என்று முடிவு கட்டுவது அறிவீனம்.

தேட விரும்பினால், கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் தொடங்குங்கள். உதவி அரசாங்க அதிபர்கள் நாட்குறிப்பு எழுதக் கடமைப்பட்டவர்கள். எந்த ஊருக்குப் போனார்கள், எந்தக் கூட்டம் நடத்தினார்கள், யாருக்கும் யாருக்கும் சச்சரவு என்பவை அவற்றில் வரும். ஆண்டு நிருவாக அறிக்கைகளும் அரசாங்க வர்த்தமானியும் அங்கேயே உண்டு. பிரகடனங்களும் சங்க விதிகளும் வர்த்தமானியில் வெளியானவை. எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும், நம்மவர் பெயர்களைத் துரைமார் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். ஒரு பெயரை நாலைந்து எழுத்துக்கூட்டலில் தேட வேண்டிவரும், கொட்டியாரம் என்பதும் பல வடிவில் வரும். திருகோணமலைக் கச்சேரியிலும் பிரதேச சபையிலும் கேட்டுப் பார்ப்பதில் பிழையில்லை, ஆனால் கிராமச் சங்கங்களின் வழிவந்த கிராமச் சபைகள் 1981இல் ஒழிக்கப்பட்டு, பிரதேச சபைகள் 1987ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்த இடைவெளியையும், 1964 மார்கழிப் புயலையும், அதன் பின் வந்த யுத்தத்தையும், இடம்பெயர்வுகளையும் நினைத்தால் அங்கே பழைய கூட்டக் குறிப்பேடு கிடைக்கும் என்று அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். அதைவிடக் காணி உறுதிகள் பயன்படும். பழைய உறுதியில் ஒருவரை அவர் வகித்த பதவியோடு சேர்த்து எழுதும் வழக்கம் நொத்தாரிசுமாரிடம் இருந்தது. பூட்டனாரின் பெயருக்கு முன்னோ பின்னோ வட்டை விதானை என்றோ சங்க அங்கத்தவர் என்றோ இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுப் பெட்டகத்தில் உறுதி இல்லாவிட்டால் திருகோணமலைக் காணிப் பதிவகத்தில் காணியின் பெயரைக் கொண்டு தேடலாம். அதற்குப் பூட்டியின் பெயரையும் தவறாமல் கொண்டு போங்கள்.